மாமியின் முழிவியளம்

ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் யாராவது வெளிக்கிட்டுச் சப்பாத்துப் போடத் தொடங்கினால் கீழே ஒரு கதவு சாத்தப்படும். பெரிய சத்தம் ஒன்றுமில்லை. கதவுப்பிடி தளர்ந்திருந்ததால் ஒருமுறை இழுத்துப் பிறகு தள்ளவேண்டும். முதலில் ஒரு முனகல், பிறகு ஒரு கிளிக். பேஸ்மென்ற் படிகளின் அடியில் இருந்த மாமியின் அறைக்கதவு அது. சின்ன வயதில் இதையும் வீட்டின் சுபாவங்களில் ஒன்றாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். பிரிட்ஜ் உறுமும், ஹீற்றர் வேலை செய்யத் தொடங்கினால் சுவருக்குள் தட்டும், நாங்கள் வெளியே போனால் கீழே கதவு சாத்தும். அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு மனுசி நிற்கிறார் என்பதும், ஏன் நிற்கிறார் என்பதும் எனக்கு விளங்க வெகுகாலம் எடுத்தது.

மாமி என் அப்பாவின் அக்கா. மாமா ஊரிலேயே இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. அப்பாதான் அவரைக் கனடாவுக்கு எடுப்பித்தார். வந்த நாளிலிருந்து கீழ் அறையில்தான் இருந்தார். எங்கள் ஆட்களிடம் முழிவியளம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு நல்ல காரியத்துக்கு வெளிக்கிடும்போது எந்த முகம் எதிரே வருகிறதோ, அந்த முகத்தைப் பொறுத்துத்தான் காரியம் நடக்கும் என்பார்கள். ராசியான ஆள் எதிரே வந்தால் வெற்றி. புருசன் இல்லாதவள் எதிரே வந்தால், அவ்வளவுதான், திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகவேண்டும். ரொறன்ரோவில், விமானத்தில் வந்திறங்கி, பஸ்ஸிலும் சப்வேயிலும் ஆயிரம் முகங்களில் முழித்துக்கொண்டு வேலைக்குப் போகிற சனம் இதை இன்னும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது என்றால் நம்புவீர்களோ தெரியாது. நம்பத்தான் வேண்டும். ‘நீங்கள் ஒளிச்சு நில்லுங்கோ’ என்று மாமிக்கு எங்கள் வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. ‘நிக்கவேண்டாம்’ என்றும் ஒருவரும் சொன்னதில்லை. அவராகவே நின்றார், நாங்களும் விட்டுவிட்டோம்.

மாமிக்கு நேர்மாறாக எங்கள் தெருவில் ஒரு அன்ரி இருந்தார். மகன் டொக்டர், மகள் மருந்தாளர், புருசன் கருங்கல்லு மாதிரித் திடகாத்திரம். அதனால் அந்த வரிசை வீடுகளிலேயே ராசியான முகம் அன்ரியினுடையது என்று முடிவாகியிருந்தது. யாருக்காவது டிரைவிங் ரெஸ்ற், சிற்றிசன்சிப் பரீட்சை, வேலைக்கு இன்ரர்வியூ என்றால் அன்ரிக்கு அழைப்புப் போகும். அதிலும் ஒரு முறை இருந்தது. அன்ரி தற்செயலாக எதிரே வருவது போல வரவேண்டும், கூப்பிட்டு நிறுத்தி வைத்தது போல இருக்கக்கூடாது. ஆகவே நான் ஜாக்கெற் போடும்போது அம்மா போனில் ஒரு மிஸ்ட் கோல் கொடுப்பா. அன்ரி தன் வீட்டுப் படியிலிருந்து இறங்கி, பனிக்காலச் சப்பாத்துக்குமேல் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஐஸில் வழுக்காமல் எங்கள் வாசலை நோக்கி நடந்து வருவார். நான் கதவைத் திறந்ததும், “அட, எங்க பிள்ளை வெளிக்கிட்டாய்?” என்று ஆச்சரியப்படுவார். நல்ல நடிகை.

உயர்பள்ளி முடித்து, நகர மத்தியில் இருக்கும் அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பிரிவுக்கு நான் முதன்முறை விண்ணப்பித்து இன்ரர்வியூவுக்குப் போனபோதும் அன்ரி இப்படித்தான் எதிரே வந்தார். அம்மாவுக்கு அது “வீடு கீறுற படிப்பு.” அன்றைக்கு அன்ரி புதுச்சேலை கட்டியிருந்தார், கையில் பூக்கூடக் கொண்டு வந்திருந்தார். எனக்கு இடம் கிடைக்கவில்லை. அதற்காக அன்ரியின் முகத்தை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. போட்டி அதிகம், பிள்ளை பயந்துபோய்விட்டாள், அந்தக் கேள்வி கேட்டவர்கள் சரியில்லை என்று காரணங்கள் வேறு இடத்தில் தேடப்பட்டன. நான் ஒரு கொலிச்சில் கட்டடத் தொழில்நுட்பம் படிக்கப் போனேன்.

படிப்பு மோசமில்லை. ஆனால் மனம் அங்கே நிற்கவில்லை. கொலிச்சிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறலாம், ட்ரான்ஸ்பர் எடுக்கலாம் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அந்த யோசனைதான். மாறி வருகிறவர்களுக்கு அவர்கள் வைத்திருந்த இடங்கள் கைவிரலுக்குள் அடங்குபவை. படித்த பாடங்களில் எதை ஏற்றுக்கொள்வார்கள், எதைத் தள்ளிவிடுவார்கள் என்பது கடைசிவரை தெரியாது. இன்னொரு வருடம் கொலிச்சில் இழுத்தால் படித்த பாடம் ஒன்றும் பல்கலைக்கழகத்தில் செல்லாது, திரும்ப முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கவேண்டும், அதற்கு வீட்டில் வசதி இல்லை. ஆக, இந்த முறை இல்லையென்றால் இனி இல்லை. இதை எனக்கு நானே பஸ்ஸில் சொல்லிக்கொண்டு போவேன், வகுப்பில் சொல்லிக்கொண்டு இருப்பேன், சோற்றைப் பிசைந்துகொண்டு சொல்வேன். விண்ணப்பம் அனுப்பியதை வீட்டுக்கு வெளியே மூச்சு விடக்கூடாது, கண்ணூறு பட்டுவிடும் என்று அம்மா கட்டளை. ஆனால் அன்ரிக்கு மட்டும் சொல்லலாமாம், ஏனென்றால் அன்ரி வரவேண்டும்.

இன்ரர்வியூவுக்கு அழைப்பு வந்தது. இந்த முறை நேரில் இல்லை, கணினியில், வீட்டிலிருந்தபடியே. எனக்கு நிம்மதி. அம்மாவுக்குக் கலக்கம். வீட்டை விட்டு வெளிக்கிடாத பிள்ளைக்கு முழிவியளம் எப்படிப் பார்ப்பது? ஒரு கிழமை யோசித்துவிட்டு முடிவுக்கு வந்தா. “லப்ரொப்பைத் திறக்கிறதுதான் வெளிக்கிடுறது. நீ திறக்கேக்க அன்ரி முன்னுக்கு நிக்கோணும்.” அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தார், பிறகு பேப்பருக்குள் திரும்பிப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஆனால் பயந்துபோய் இருக்கிறவளுக்கு எதையும் வேண்டாமென்று சொல்லத் துணிவு வராது. சரியென்றேன்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, என் வரைபடங்களை ஒழுங்காக அடுக்கி, வெள்ளைச் சுவர் பின்னால் தெரியும்படி கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அன்ரி பட்டுச்சேலையில், குங்குமம் பளிச்சென்று, மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு கையைக் கழுத்துச் சங்கிலியில் வைத்துக்கொண்டு நின்றார். அம்மா கற்பூரம் கொளுத்த, புகை எச்சரிக்கை மணி அலறுமென்று நான் கத்த, அவசரமாக ஊதி அணைத்தோம். கீழே முனகலும் கிளிக்கும் கேட்டன. நான் சப்பாத்துப் போடாமலே கதவு சாத்தப்பட்டதை அன்றைக்குத்தான் கேட்டேன். லப்ரொப்பைத் திறந்தேன். அன்ரியின் முகம் தெரிந்தது, சிரித்தார். பிறகு திரையைப் பார்த்தேன். இணையம் இல்லை.

திரும்பத் திரும்ப அமத்திப் பார்க்கிறேன், வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, நிற்கிறது. முக்கியமான நாளில்தான் மேல்தட்டுக்கு வைஃபை வராது. போனில் இணைத்திருக்கலாம் என்று இப்போது ஆறுதலாக இருந்து சொல்ல முடிகிறது. அப்போது மூளை என்று ஒன்று இருக்கவில்லை. “அம்மா, போச்சு, எல்லாம் போச்சு” என்று அழத் தொடங்கிவிட்டேன். இணையப் பெட்டி இருந்தது மாமியின் அறையில். பொருத்த வந்தவன் கேபிள் அங்கேதான் வருகிறதென்று அங்கேயே வைத்துவிட்டுப் போயிருந்தான். வீட்டுக்கு எல்லாச் செய்தியும் அதற்குள்ளால்தான் வருகிறது என்று கேள்விப்பட்ட மாமி, அதன் தலையில் ஒரு சின்னப் பிள்ளையாரை இருத்தியிருந்தார். நான் லப்ரொப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினேன். பின்னால் அம்மா, “எடியே, அங்க போகாத!” என்று கத்தியதும் கேட்டது. ஏன் போகக்கூடாதென்று அவ சொல்லவில்லை. சொல்லாமலே மூன்று பேருக்கும் விளங்கியது. கதவுக்குப் பின்னால் நின்ற மாமியையும் சேர்த்தால் நாலு பேர்.

“மாமி, திறவுங்கோ.”

“நீ இன்னும் தொடங்கேல்லையோ?”

“இல்லை மாமி. நெற் இல்லை. உங்கட அறையில இருந்துதான் கதைக்கோணும்.”

மாமியின் குரல் கதவோடு ஒட்டினாற்போல வந்தது: “என்ர முகத்தில முழிக்காத பிள்ளை. கொஞ்சம் பொறு, நான் அங்கால திரும்பிறன். பிறகு வா.”

கதவு திறந்தபோது மாமி கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சேலைத் தலைப்பால் தலையையும் முகத்தையும் மூடியிருந்தார். வெளியே போகச் சொல்ல நேரமில்லை, போவதென்றால் என்னைக் கடந்துதான் போகவேண்டும், அதற்கு அவர் சம்மதிக்கவும் மாட்டார். தையல் மேசையில் லப்ரொப்பை வைத்தேன். உடனே பிடித்தது. ஒரு ஆண் பேராசிரியரும் ஒரு பெண் பேராசிரியரும் திரையில் தோன்றி வணக்கம் சொன்னார்கள். அவர்களுக்கு என் முகமும், என் தோளுக்குப் பின்னால் முக்காடு போட்ட ஒரு முதுகும் தெரிந்திருக்கும்.

வழக்கமான கேள்விகள். ஏன் மாற விரும்புகிறாய், கொலிச்சில் என்ன குறை, என்ன கீறினாய். பாடமாக்கி வைத்ததையே ஒப்பித்தேன். நான் சொல்வது எனக்கே பொய் போலக் கேட்டது. பிறகு அந்தப் பெண் கேட்டார், உனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தைப் பற்றிச் சொல் என்று. இதற்கு ஒரு நூலகத்தைப் பற்றி அழகாக எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். அது முழுதாக மறந்துபோய்விட்டது. பயத்தில் கண்ணைத் தூக்கியபோது எதிரே மாமியின் யன்னல் தெரிந்தது.

கூரையை ஒட்டின சின்ன யன்னல். வெளியிலிருந்து பார்த்தால் நிலத்தோடு கிடக்கும், உள்ளேயிருந்து பார்த்தால் எங்கள் வாசல்நடை தெரியும். வாசல்நடை என்றால் முழுதாக இல்லை. போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். அன்ரியின் ஐஸ் சப்பாத்து, அப்பாவின் இரும்பு மூக்கு வேலைச் சப்பாத்து, என் ரன்னிங் சூ. யன்னலுக்குக் கீழே ஒரு முக்காலி போட்டிருந்தது. சின்ன வயதிலிருந்தே அந்த அறைக்குள் போய்வருகிறேன். அந்த முக்காலி எதற்கென்று நான் யோசித்ததே இல்லை. கதவைச் சாத்திவிட்டு மாமி அதில் ஏறி நின்றுதான் எங்களை வழியனுப்பியிருக்கிறார். எங்களுக்கு அவர் முகம் வேண்டாம், அவருக்கு எங்கள் கால் போதும்.

நான் அந்த அறையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். என்ன ஆங்கிலத்தில் என்ன சொன்னேனென்று முழுதாக நினைவில்லை. ஒருவர் தன் முகத்தை மற்றவர்களுக்குக் காட்டாமல் இருப்பதற்காக ஓர் அறை எப்படிப் பயன்படுகிறது, கதவின் சத்தம் எப்படி, யன்னலின் உயரம் எப்படி, வெளிச்சம் எந்த மூலைக்கு வருகிறது என்று சொன்னேன். அழுதேன் என்றும் நினைக்கிறேன். உன் பின்னால் இருப்பவர்தானா அவர் என்று ஆண் பேராசிரியர் மெதுவாகக் கேட்டார். ஓமென்றேன். இந்த அறையில் ஒன்றை மட்டும் மாற்றலாமென்றால் எதை மாற்றுவாய் என்று கேட்டார். கதவைக் கழற்றிவிடுவேன் என்றேன். பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. மாமிக்கு ஆங்கிலம் பேச வராது, ஆனால் விளங்கும்.

முடிந்து, திரை அணைந்த பிறகும் மாமி திரும்பவில்லை. “பிள்ளை, வடிவாக் கதைச்சனியோ?” என்று சுவரைக் கேட்டார்.

“தெரியாது மாமி.”

“கதவைக் கழட்டப்போறியாம். விண்டருக்கு நான் என்ன செய்யிறது?”

நான் சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை. தோள் குலுங்கியது, சிரிப்பில்லை அது.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல நான் வேறெப்போதும் பயந்ததில்லை. முதலில் எனக்கு இருந்தது ஒரு பயம். இப்போது இரண்டு. எனக்குக் கிடைக்காவிட்டால் நான் அழுது, ஒரு நாளைக்கு ஆறிவிடுவேன். மாமி? இடம் இல்லை என்று ஒரு மின்னஞ்சல் வந்தால் அது மாமியின் தலையில்தான் விழும். அம்மா வாயால் சொல்லமாட்டா, ஆனால் பாத்திரம் கழுவுகிற சத்தத்தில் சொல்லிவிடுவா. மாமியோ யாரும் சொல்லும்வரைக்கும் காத்திருக்கப்போவதில்லை. அவர் ஏற்கெனவே தண்டனையைத் தொடங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை விரதம் செவ்வாய்க்கும் நீண்டது. மேலே சமையலறைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். நாங்கள் சாப்பிட்டு எழும்பிய பிறகு தட்டோடு வந்து, போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார். பக்கத்திலிருக்கும் வோபர்ன் பகுதியில் முதியவர்களுக்கான கட்டடத்தில் அறை கிடைக்குமோ என்று அப்பாவிடம் விசாரித்தாராம். நான் பஸ்ஸில், வகுப்பில், கழிப்பறையில்கூட மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்தேன். கும்பிடுகிற பழக்கம் இல்லாத நான் இணையப் பெட்டிமேல் இருந்த பிள்ளையாரைக் கும்பிட்டேன். எனக்காகக் கும்பிட்டேனா, மாமிக்காகக் கும்பிட்டேனா என்று பிள்ளையாருக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

பதில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தது. அம்மா தமிழ்க்கடைக்குப் போயிருந்தா, அப்பா வேலை. போன் திரையில் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கண்டேன். திறக்காமல் கீழே இறங்கினேன். மாமி சட்டை ஒன்றுக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தார். “வந்திட்டுது” என்றேன். ஊசியைக் குத்தி வைத்துவிட்டு முகத்தைத் தலைப்பால் மூடப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“போன தடவை அன்ரிதானே முன்னுக்கு நிண்டவ. கிடைச்சதோ மாமி?”

நான் அவர் முகத்தை நன்றாக, நேராகப் பார்த்தேன். நெற்றியில் திருநீறு, மூக்குத்தி இருந்த இடத்தில் ஒரு சின்னத் தழும்பு, வலது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம். அந்த மச்சம் எனக்கு அதுவரை தெரியாது. பிறகு திறந்து வாசித்தேன். இரண்டாம் ஆண்டில் சேரலாம், இரண்டு பாடம் மட்டும் திரும்ப எடுக்கவேண்டும். நான் வாயைத் திறக்குமுன்பே மாமி என் முகத்தில் வாசித்துவிட்டார். ஓவென்று அழுதார். நானும் அழுதேன். தைத்துக்கொண்டிருந்த சட்டையால் இருவரும் கண்ணைத் துடைத்தோம்.

அம்மா வந்து, கேட்டு, என்னைக் கட்டிப்பிடித்து, முதல் வேலையாகப் போனை எடுத்தா. “அன்ரி! எல்லாம் உங்கட முழிவியளம்தான்!” லட்டுப் பெட்டி தெருவைக் கடந்து போனது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கிடைக்காமல் போயிருந்தால் மாமியின் முகம். கிடைத்தபடியால் அன்ரியின் முகமோ? இரவுச் சாப்பாட்டில் அதை அப்படியே கேட்டேன். அம்மாவைவிட அப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். “அக்காவின்ர அறையில இருந்துதானே பிள்ளை கதைச்சவள்.” “லப்ரொப் திறந்தது மேலதானே” என்றா அம்மா. படியில் தட்டோடு நின்ற மாமி, “விடு பிள்ளை, அவ சந்தோசமா இருக்கிறா” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பல்கலைக்கழகத்துக்கு முதல்நாள் வெளிக்கிட்டபோது, சப்பாத்தில் கால் வைத்தேனோ இல்லையோ, கீழே அதே முனகல், அதே கிளிக். நான் வாசற்கதவைத் திறந்து, படாரென்று சாத்திவிட்டு, உள்ளேயே நின்றேன். யன்னலில் கால்கள் தெரியாததால் மாமிக்குக் குழப்பம் வந்திருக்கவேண்டும். கொஞ்சநேரத்தில் கதவு திறந்து படியேறி வந்தவர் எனக்கு நேரே முட்டிக்கொண்டார். “ஐயோ, நாசமறுப்பாளே!” என்று இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினார். விரல்களுக்கிடையால் ஒரு கண் தெரிந்தது, கீழே மச்சமும் தெரிந்தது. “போட்டு வாறன் மாமி” என்றேன். அடுத்த நாளிலிருந்து மாமி இன்னும் கவனமாக இருந்தார். யன்னலில் கால் கடந்து போவதைக் கண்ட பிறகுதான் கதவைத் திறந்தார். ஒரு நாளில் மாறுகிற விசயமில்லை அது.

இப்போது நான் ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் நகரில் இருக்கிறேன். கட்டடங்கள் கீறுகிறேன், கதவு எந்தப் பக்கம் திறக்கவேண்டும் என்பதில் நான் கொஞ்சம் அதிகமாகவே பிடிவாதம் பிடிப்பதாக வேலை செய்கிற கந்தோரில் முறைப்பாடு உண்டு. மாமி கடைசியில் வோபர்ன் கட்டடத்துக்கே போய்விட்டார், அங்கே அவருக்கு நல்ல வெளிச்சமான ஓர் அறை, கூட்டாளிகள். முக்கியமான காரியம் எது என்றாலும் நான் முதலில் அங்கே காரை விடுவேன். ஆனால் காரியம் என்று சொன்னால் கதவு திறவாது. கதவுக்குப் பின்னாலிருந்து, “எங்க போறாய்?” என்பார். “சும்மா வந்தனான் மாமி” என்பேன். அப்போதுதான் திறப்பார். இப்படி எத்தனையோ தடவை ஏமாற்றியிருக்கிறேன்.

இன்று காலையும் போனேன். சொந்தமாகக் கீறிய முதல் கட்டடத்தை ஒரு குழுவுக்கு முன்னால் வைத்துப் பேசவேண்டிய நாள்.

“எங்க போறாய்?”

“சும்மா வந்தனான் மாமி.”

கதவு கொஞ்சமாகத் திறந்தது. மாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. வழக்கம்போல முதலில் கீழே, காலைத்தான் பார்த்தார். நான் புதுச் சப்பாத்து, மினுக்கி, லேஸ் இறுக்கிக் கட்டியிருந்தேன். அவருக்குத் தெரியாததா? வருசக்கணக்காகக் கால்களைப் பார்த்தே எங்களை வாசித்தவர்.

“சும்மா வாறவள் சப்பாத்து மினுக்கிக்கொண்டு வாறவளோ?” என்றார்.

மாமியின் கை கதவுப்பிடியில் இருந்தது. முனகலுக்கும் கிளிக்குக்கும் என் காது காத்திருந்தது. மாமி கதவை அகலத் திறந்தார். முகத்தை நிமிர்த்தி, தலைப்பைச் சரிசெய்துகொண்டு, எனக்கு எதிரே வந்து நின்றார்.

“சரி, வடிவாப் பாத்திட்டுப் போ” என்றார்.